கிருபை அக்கா சமைத்த கைப்பிடி அரிசி

பத்து வீட்டு அரிசி ஒரே பானையில் வெந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? பச்சரிசி குழைந்து களியாகிவிடும். புழுங்கல் அரைவேக்காடாய்ப் பல்லில் தட்டும். நடுநடுவே ரேஷன் அரிசியின் மக்கல் வாடை...

அந்த வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

போன வாரம் நம் சபை குரூப்பில் ஒரு பழைய போட்டோ வந்ததே, அறுப்பின் பண்டிகை அன்று எடுத்தது. கோயில் வாசலில் பெண்கள் சங்கம், பின்வரிசை ஓரத்தில் வெள்ளைப் புடவையில் ஒல்லியாக ஒருவர். அதற்குக் கீழே ஒரு கமெண்ட்: “அரிசி திருடின பைபிள் உமன்தானே இவங்க?” ஆறு பேர் சிரிப்பு பொம்மை போட்டிருந்தீர்கள்.

அவர் பெயர் கிருபை. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தாம்பரம் பக்கம் இருந்த எங்கள் சின்ன லுத்தரன் சபையில் வீடு வீடாகப் போய் ஜெபிப்பது, நோயாளிகளைப் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. கோயிலுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறையில் தனியாக இருந்தார்.

அப்போதெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனி டப்பாவில் போட்டுவைப்போம். மலைப்பகுதி மிஷன் ஹாஸ்டல் பிள்ளைகளுக்காக. மாதக் கடைசியில் கிருபை அக்கா பையோடு வந்து வாங்கிப்போவார்.

அந்த வருஷம் சபையில் எலெக்‌ஷன் சண்டை முற்றிக் கோர்ட்டுக்குப் போய், ஊழியர்களின் சம்பளமே நின்றுபோயிருந்தது. எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், “ஊழியர்களின் தேவைகளைச் சந்தியும் ஆண்டவரே” என்று ஜெபித்து, ஆமென் சொல்லி, அவரவர் வீட்டுக்குப் போய் மட்டன் குழம்பு சாப்பிட்டோம். நானும்தான்.

எனக்கு இருபத்துமூன்று வயது. டீச்சர் வேலை கிடைத்த புதுசு. பெண்கள் சங்கத்துக்கு செக்ரெட்டரி வேறு. வாய் கொஞ்சம் நீளம்... யாரையாவது கிண்டலடித்து நாலு பேரைச் சிரிக்க வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஒரு சனிக்கிழமை ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் அரிசி வாங்க அக்காவோடு நானும் போனேன். திரும்பும்போது நல்ல மழை. தொப்பலாக நனைந்து அவர் அறைக்குள் நுழைந்தோம். மணி இரண்டு. எனக்குப் பசியில் கண் இருட்டியது.

“இன்னா டீச்சரு, மூஞ்சி இப்டி வாடிக்கீது? குந்து. ஒரு வாய் துன்னுட்டுப் போ.”

ஸ்டவ்வைப் பற்றவைத்தார். சோறு, புளித்தண்ணி ரசம், ஒரு அப்பளம். இருந்த ஒரு தட்டை என் முன்னால் வைத்தார்.

“நீங்க சாப்பிடலையாக்கா?”

“நான் இன்னிக்கு உபவாசம்மா.”

முதல் வாயிலேயே எந்த அரிசி என்று தெரிந்துவிட்டது. தெரிந்தேதான் இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் சங்கக் கூட்டம். நாங்கள் ஐயரம்மா என்று கூப்பிடும் போதகரின் மனைவிதான் தலைவி. அரிசி வாங்கப் போன கதையை ஒருவர் கேட்டதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“கிருபை அக்கா பானைய எட்டிப் பாத்திருக்கீங்களா? பச்சரிசி, புழுங்கல், ரேஷன்... ஒரே பானையில நம்ம எல்லார் வீட்டு அரிசியும் கொதிக்குது!”

எல்லோரும் சிரித்தார்கள். ஐயரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“கிருபை, மிஷன் அரிசிய எடுத்தியா?”

“ஆமாம்மா.”

“ஏன்?”

“பசி.”

யாருடைய பசி என்று அவரும் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை. அக்கா ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் ஞானப்பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

ஏன் வாயை மூடிக்கொண்டேன்? பயம். கோயிலில் எனக்குக் கல்யாண ஓலை வாசித்துக்கொண்டிருந்த நேரம் அது. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை உண்டானால் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு சபையில் வாசிப்பார்களே, அது. இரண்டு ஓலை முடிந்திருந்தது. மாமியார் வீடும் அதே சபை. மிஷன் அரிசியைத் தின்ற மருமகள் என்று பேர் வந்துவிட்டால்?

கமிட்டி கூடியது. அறையைக் காலி செய்யச் சொல்லி அக்காவிடம் காகிதம் கொடுத்தார்கள்.

மூன்றாவது ஓலை வாசித்த ஞாயிறுதான் அவருக்கும் அந்தக் கோயிலில் கடைசி ஞாயிறு. “தடை உண்டென்று அறிந்தவர்கள் சொல்லலாம்” என்று போதகர் ஐயா நிமிர்ந்து பார்த்தபோது நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஆராதனை முடிந்ததும் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோவளத்தில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

கொஞ்ச வருஷம் கழித்து கோவளத்தில் பஸ் நின்றபோது அவரைப் பார்த்தேன். மீன் விற்கிறவர்களோடு வெயிலில் குந்தியிருந்தார். இன்னும் ஒல்லியாகிவிட்டார். இறங்கியிருக்கலாம்... முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். பிறகு அவர் செத்துப்போன செய்திதான் வந்தது, அதுவும் அடக்கம் முடிந்த பிறகு.

இப்போது நம் கோயிலில் ஏசி இருக்கிறது. மிஷன் காணிக்கைக்கு வாசலிலேயே க்யூஆர் கோடு. அரிசி எடுத்துவைக்கிற வீடு ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. நான் மட்டும் உலை வைக்கும்போது இன்னும் ஒரு பிடி எடுத்துவிடுகிறேன். எடுத்ததை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் திரும்பப் பானையிலேயே போட்டுவிடுகிறேன்.

கமெண்ட் போட்டவருக்கும் சிரித்த ஆறு பேருக்கும் சொல்கிறேன். கிருபை அக்கா உபவாசம் இருப்பது வெள்ளிக்கிழமைகளில். நான் போனது சனிக்கிழமை. அவர் அறையில் சமைக்க வேறு அரிசி இல்லை. அந்தப் பையிலிருந்து அள்ளிப்போட்டது என் ஒருத்திக்காக. அவர் ஒரு பருக்கைகூடத் தொடவில்லை.

அந்த அரிசியைத் தின்றவள் நான்.