கொக்கு வண்டியைப் பற்றிக் கேட்க வந்தவர்

தஞ்சாவூர் பைபாஸில் ஹெல்டன் கார் ஷோரூம் திறந்தபோது நான் அங்கே விற்பனைப் பிரிவில் சேர்ந்தேன். அதற்கு முன்னால் பல வருடம் கும்பகோணத்தில் டிராக்டர் விற்றுக்கொண்டிருந்தவள். டிராக்டர் விற்க அதிகம் பேசத் தேவையில்லை. எத்தனை ஹெச்.பி., டீசல் எவ்வளவு குடிக்கும், சேற்றில் இறங்கினால் ஏறுமா என்று கேட்பார்கள். பதில் சொன்னால் போதும். சொகுசுக் கார் அப்படியில்லை என்று பயிற்சிக்காகச் சென்னைக்கு அனுப்பினார்கள். முதல் நாள் முழுக்க வண்டியைக் கண்ணில் காட்டவே இல்லை. கம்பெனியின் கதையைத்தான் சொன்னார்கள்.

"மேடம், நீங்க விக்கப்போறது கார் இல்ல, ஒரு பேரு. அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றார் பயிற்சியாளர்.

பேர் வந்த கதை

அந்தக் கதை இதுதான். ஏதோ ஒரு குளிர்நாட்டில், ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். மழை பெய்தால் வயலெல்லாம் தண்ணீர் தேங்கிவிடும். அதை இறைத்து வெளியேற்ற இன்ஜின் பம்பு செய்துகொண்டிருந்தார்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். அவர்கள் பட்டறையின் பெயர்தான் ஹெல்டன். ஒருநாள் ஊர் டாக்டரின் குதிரை வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது. ஒரு பிரசவத்துக்கு அவரால் நேரத்தில் போய்ச் சேர முடியவில்லை. அவர் பட்டறைக்கு வந்து, வழியில் நிற்காத வண்டி ஒன்று செய்து தரும்படி கேட்டார். பம்பு இன்ஜினை வைத்து அவர்கள் செய்து கொடுத்ததுதான் முதல் ஹெல்டன் கார். அந்த ஊர்ச் சதுப்பில் எப்போதும் நிற்கும் நாரையை அதற்குச் சின்னமாக வைத்தார்கள்.

பிறகு ஒருமுறை பட்டறை எரிந்து போனது. எரிந்த கொட்டகையிலேயே தார்ப்பாய் கட்டி வேலை செய்து, சொன்ன நாளில் வண்டிகளைக் கொடுத்தார்கள் தொழிலாளிகள். அங்கிருந்துதான் அந்தப் பெயருக்கு மதிப்பு ஏறியது. ராஜாக்களும் மந்திரிகளும் பின்னால் வாங்க வந்தவர்கள். இதில் நிஜம் எவ்வளவு, விளம்பரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஆனால் எனக்கு மிகவும் பிடித்துப் போனது. தஞ்சாவூர் திரும்பும் ரயிலில் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இங்கே வந்தால் அதைக் கேட்க ஆளில்லை. முதல் வாடிக்கையாளரிடம் டாக்டர் வரைக்கும் வந்திருப்பேன், அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"அதெல்லாம் சரிம்மா. அறுப்பு நேரத்துல ரோடு பூரா நெல்லைக் காயப் போட்டிருப்பான். அடியில தட்டுமா, தட்டாதா?"

அடுத்தவர் டயர் திருச்சியில் கிடைக்குமா என்று கேட்டார். இன்னொருவர், இந்த வண்டியில் போனால் கலெக்டர் ஆபீஸில் உள்ளே விடுவார்களா என்று கேட்டார். நாரைச் சின்னத்தைப் பார்த்து ஊரே அதற்குக் கொக்கு வண்டி என்று பெயர் வைத்துவிட்டது. ஆட்டோக்காரர்களிடம் ஹெல்டன் என்றால் தெரியாது. கொக்கு ஷோரூம் என்றால் நேராகக் கொண்டுவந்து விடுவார்கள். சில மாதங்களில் நான் கதை சொல்வதையே விட்டுவிட்டேன்.

பஸ்ஸில் வந்தவர்

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் மஞ்சள் பை, மடக்கிய குடை. வாசலில் இருந்த செக்யூரிட்டி அவரிடம் போவதற்குள் நான் கதவைத் திறந்துவிட்டேன்.

"உள்ள வாங்கம்மா."

"நான் வாங்க வரலீங்க மேடம்" என்றார் உடனே. "சும்மா பாக்கத்தான். பாக்கலாமா?"

"தாராளமா. வாங்க, உக்காருங்க."

அவர் பெயர் வசந்தா. பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமம். சின்ன வயதில் நடவுக்கும் களைக்கும் கூலிக்குப் போனவர். இப்போது சொந்தமாக இரண்டு மா நிலமும், அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் குத்தகை நிலமும் பார்க்கிறார். கணவர் ராஜமாணிக்கம் குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவராக இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். அங்கே அவர் ஓட்டியதெல்லாம் ஹெல்டன்தான்.

வசந்தா ஒரு வண்டியின் அருகே போனார், தொடவில்லை.

"இதானா அது" என்றார். "வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை போன் வரும். நான் இங்க மழை இல்ல, வாய்க்கால்ல தண்ணி இல்லம்பேன். அவரு, வண்டி சர்வீசுக்குப் போயிருக்கு, புது வண்டி வந்திருக்கும்பாரு. புள்ள பொறந்த மாதிரி சொல்லுவாரு. நான் இவ்வளவு நாளும் கண்ணால பார்த்ததே இல்லீங்க."

காபி கொண்டுவரச் சொன்னேன். குடித்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னார். கணவர் ஊருக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கெட்ட பழக்கம் கிடையாது, கோபம் கிடையாது. ஆனால் பேச்சும் கிடையாது. சாயந்தரமானால் மெயின் ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்து, கும்பகோணம் போகிற கார்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இருட்டியதும் வீட்டுக்கு வருகிறார்.

"சண்டை போட்டாக்கூட பரவாயில்லக்கா. வீட்டுல விருந்தாளி மாதிரி இருக்காரு. சோறு போட்டா நல்லாருக்குங்கறாரு. எனக்கு நெல்லைப் பத்தித் தெரியும், அவருக்கு அது புடிபடல. அவருக்கு இந்த வண்டியைப் பத்தித் தெரியும், எனக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு பேரும் எதைத்தான் பேசுறது?" மேடம் என்று தொடங்கியவர் எப்போது அக்காவுக்கு மாறினார் என்பதை நான் கவனிக்கவில்லை. "இந்த வண்டியைப் பத்தி நாலு விஷயம் சொல்லுங்க. வீட்டுல போயிச் சொல்லணும். அதுக்குத்தான் வந்தேன்."

என் பதினேழு வருட விற்பனை வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பயிற்சியில் கேட்டதை ஒன்றுவிடாமல் சொன்னேன். பம்பு என்றதும், "நம்ம பம்புசெட்டு மாதிரியா?" என்றார். டாக்டர் நேரத்துக்குப் போக முடியவில்லை என்றதும், "அந்தப் புள்ள பொழைச்சுதா?" என்று கேட்டார். கம்பெனிக் கதையில் அது இல்லை. கிளம்புவதற்கு முன் முழுவதையும் தானே ஒருமுறை என்னிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அண்ணன் தம்பி, சேறு, நாரை, தீ. சரியாக இருந்தது.

தீர்ந்துபோன கதை

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். இந்தத் தடவை செக்யூரிட்டியே கதவைத் திறந்துவிட்டார். பை நிறைய அவரைக்காய் இருந்தது, எனக்காக.

"சொன்னேன்க்கா. சோறு போடும்போது மொள்ளமா ஆரம்பிச்சேன். இவ்வளவு நாளா அப்படிச் சிரிச்சு நான் பாக்கல. 'ஒனக்கு யாரு இதெல்லாம் சொன்னா?'ன்னாரு. டி.வி.யில பார்த்தேன்னு சொல்லிட்டேன். அப்புறம் அவரு ஆரம்பிச்சுட்டாரு. மணல் காத்து அடிச்சா கண்ணாடி எப்படி ஆவும், ஏர்போட்டுக்கு எப்படிப் போவணும்... கை கழுவாமயே உக்காந்து பேசிக்கிட்டிருந்தாரு."

சொல்லும்போது முகமே மாறிப்போயிருந்தது. பிறகு குரல் இறங்கியது.

"நாலு நாள் ஓடுச்சு. இப்பத் தீந்துபோச்சு. பழையபடி டீக்கடைக்குப் போறாரு. வேற ஏதாச்சும் இருந்தா சொல்லுங்கக்கா."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கதவை எத்தனை ஆயிரம் தடவை மூடித் திறந்து சோதிக்கிறார்கள், தோல் சீட்டை எப்படித் தைக்கிறார்கள் என்றெல்லாம். மூன்றாவது தடவை அவர் வந்தபோது எங்கள் மேனேஜர் ரகு கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், நல்ல மனிதர்தான். மாதக் கடைசியில் மட்டும் ஆளே மாறிவிடுவார்.

"அந்தம்மா எந்த மாடல் பாக்குறாங்க மேடம்?"

"வாங்குற ஆள் இல்ல சார்."

"தெரியுது. அவங்ககூட நீங்க ஒரு மணி நேரம் உக்காந்திருக்கீங்க. போன்ல ரைஸ்மில்காரரு லைன்ல இருக்காரு, யாரு பேசுறது? டார்கெட் என் தலையில மட்டும் இல்ல மேடம், உங்க தலையிலயும்தான் இருக்கு."

அவர் சொன்னதில் தப்பில்லை. டார்கெட்டை எட்டாமல் அந்த வருடத்தில் ஏற்கெனவே இரண்டு பேர் வேலையை இழந்திருந்தார்கள். ஆனால் வசந்தாவிடம், இனி வராதீர்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. என்னிடமும் சொல்வதற்கு வேறு எதுவும் மிச்சமில்லை.

பாபநாசம் டெமோ

அந்த ரைஸ்மில்காரர் பாபநாசத்தில் இருந்தார். டெமோ வண்டியை மில்லுக்கே கொண்டுவரச் சொன்னார். அதைக் கேட்டதும் நான் ரகுவின் அறைக்குப் போனேன்.

"சார், மில்லுல டெமோ முடிஞ்சதும் அரை மணி நேரம் வண்டி வேணும். அந்தம்மாவோட வீட்டுக்காரரு ஒருதடவை ஓட்டட்டும்."

"வாங்கப் போறாரா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

"இவ்வளவு வருஷம் நம்ம வண்டியைப் பொத்திப் பொத்தி ஓட்டியிருக்காரு. நம்ம கம்பெனியோட பேரு அவரு கையிலயும் இருந்திருக்குல்ல சார்?"

ரகு பேனாவை மேசையில் வைத்தார். "லைசென்ஸ் காப்பி வாங்கிக்குங்க. வண்டியில கீறல் விழுந்தா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார்.

மில்லில் வேலை முடிந்ததும், டெமோ ஓட்டி வந்த பையனை அங்கேயே சாப்பிடச் சொல்லிவிட்டு, நானே வண்டியை எடுத்துக்கொண்டு வசந்தாவின் தெருவுக்குப் போனேன். போனில் அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். வசந்தா அதைக் கணவரிடம் சொல்லவில்லை. ராஜமாணிக்கம் வேட்டியும் துண்டுமாக வெளியே வந்தார். வண்டியைப் பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு வீட்டுக்குள் போய்விட்டார். பிடிக்கவில்லையோ என்று வசந்தா என்னைப் பார்த்தார். சற்று நேரத்தில் ராஜமாணிக்கம் தேய்த்த பேண்ட், முழுக்கைச் சட்டை, ஷூ போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

சாவியை வாங்கியவர், முதலில் பின் கதவைத் திறந்து மனைவியைப் பார்த்து லேசாகக் குனிந்தார். பழக்கம்.

"நான் என்ன முதலாளியம்மாவா?" என்றார் வசந்தா. "நான் முன்னாடிதான் ஏறுவேன்."

நான் பின்னால் உட்கார்ந்தேன். குடமுருட்டிக் கரையோரமாக வண்டி போனது. ஆற்றில் தண்ணீர் நிறைந்து ஓடியது. இரண்டு பக்கமும் சம்பா நடவு முடிந்த வயல்கள். அவர் ஓட்டுவது ஓட்டுவதாகவே தெரியவில்லை. பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. வண்டியைப் பற்றித்தான் தொடங்கினார், ஆனால் சீக்கிரமே முதலாளியின் மகளுக்கு வந்துவிட்டார்.

"நூரான்னு பேரு. எல்.கே.ஜி.யில இருந்து ஸ்கூலுக்கு நான்தான் கொண்டு விடுவேன். இந்தா, இப்ப மேடம் உக்காந்திருக்காங்கள்ல, அந்த எடத்துலதான் தூங்கும். தூங்கிட்டா ஸ்பீட் பிரேக்கர்ல ஏறுறதே தெரியக்கூடாது, அப்படியே தவழ விடுவேன். கிளம்பி வர்றன்னிக்கு வாசல் வரைக்கும் ஓடி வந்துச்சு, வசந்தா. 'ராஜா, திரும்பி எப்ப வருவ?'ன்னு கேட்டுச்சு."

மேலே இருந்த கண்ணாடியில் அவர் கண்கள் பின் சீட்டை ஒருமுறை பார்த்தன. இத்தனை நாளும் டீக்கடையிலிருந்து அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கும் விளங்கியது, வசந்தாவுக்கும் விளங்கியிருக்க வேண்டும்.

வசந்தா ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நம்ம மாலதி எங்க தூங்கும்னு ஒங்களுக்குத் தெரியுமாங்க?"

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே தெரியுமா என்று கேட்டார். மாலதி அவர்களுடைய ஒரே மகள், கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறார்.

ராஜமாணிக்கம் கொஞ்ச தூரம் போய், ஒரு மதகுப் பக்கத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தார்.

"தெரியாது" என்றார். "நீ சொல்லு."

"பஸ்ஸுலதான். ஞாயித்துக்கிழமை கும்பகோணம் போனா ஜன்னல்தான் வேணும்னு அடம்புடிக்கும். உக்காந்த கையோட தூங்கிடும். எறங்கும்போது தோள்ல போட்டுக்கிட்டு, பை ஒரு கையில..."

நான் போன் வந்ததுபோலக் காதில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். கதவை மூடியதும் உள்ளிருந்து ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. வசந்தாவின் கை மட்டும் ஏறி இறங்கி எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. ராஜமாணிக்கம் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு முழுக்க மனைவி பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். என் வீட்டில் நானும் இப்படி யாருக்காகவாவது காத்திருக்கிறேனா, எனக்காக யாராவது காத்திருக்கிறார்களா என்று யோசித்துக்கொண்டு, ஓடுகிற தண்ணீரைப் பார்த்தபடி நின்றேன்.

அந்த நேரம் பார்த்து நிஜமாகவே போன் வந்தது. ரகு.

"முடிஞ்சுதா மேடம்?"

"இன்னும் இல்ல சார். இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காங்க."

திரும்பும்போது அவர் மெதுவாக ஓட்டினார். ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார். "மாலதிக்கு அந்தக் காய்ச்சல் வந்தப்ப எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா வந்திருக்க முடியுமா ஒங்களால?" என்றார் வசந்தா. அவர் தலையாட்டிக்கொண்டார்.

ரைஸ்மில்காரர் கடைசியில் வேறு கம்பெனி வண்டி வாங்கினார். அந்த மாத டார்கெட் போனது. ரகு இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் அவரே வந்து, "அந்த டிரைவர் என்ன சொன்னாரு?" என்று கேட்டார்.

இப்போது புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு நான்தான் பயிற்சி கொடுக்கிறேன். கம்பெனியின் கதையை முழுசாகக் கற்றுக்கொள்ளுங்கள், வாங்க வந்தவர் கேட்காவிட்டாலும் சுருக்காதீர்கள், வாங்க வராதவர் கேட்டால் உட்காரவைத்துச் சொல்லுங்கள் என்கிறேன். காரணம் கேட்கிறவர்களுக்கு வசந்தாவைப் பற்றிச் சொல்கிறேன்.

வசந்தா இன்னும் எப்போதாவது போன் செய்கிறார். போன வாரம் பேசியபோது சிரித்துக்கொண்டே சொன்னார்.

"இப்பல்லாம் மாலதிக்கு அவருதான் போன் போடுறாரு. ரெண்டாங் கிளாஸ்ல ஒம் பக்கத்துல யாரு உக்காந்தான்னு கேக்குறாரு. அதுக்கே ஞாபகம் இல்லக்கா. ஆனா யோசிச்சு யோசிச்சுச் சொல்லுது."