சூடு வருதா?

ஊரில் யார் கார் ஹீட்டர் கெட்டாலும் ஒரே மெக்கானிக்கிடம்தான் வரும். அந்த மெக்கானிக்கின் சொந்தக் காரிலேயே குளிர்காற்று அடித்தால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

பட்டறையில் அவருக்கு ஒரு வழக்கம். ஹீட்டர் கோளாறு என்று எந்த வண்டி வந்தாலும் மனைவிதான் டிரைவர் சீட்டில் ஏறுவாள். ஒரு காலால் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டு, காற்று வரும் இடத்தில் கையை வைப்பாள். பானட்டுக்குள் தலையை விட்டபடி அவர் கத்துவார்: "சூடு வருதா?"

"ம்ஹூம், உங்க அம்மா மனசு மாதிரி இருக்கு!"

கொஞ்சம் தேறினால், "உங்க தங்கச்சி போட்ட காபி மாதிரி!"

கடைசியில் "வருது" என்று அவள் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. அதற்கு மேல் அவர் கை வைத்துப் பார்த்ததே கிடையாது. மீட்டர் முள்கூடப் பொய் சொல்லும், அவள் கை சொல்லாது என்பார்.

அப்படிப்பட்டவளுக்குப் புற்றுநோய் வந்தது. மாதக்கணக்காகக் கீமோ ஊசி ஏறுகிறது. தலைமுடி போனது, வாய் மட்டும் போகவில்லை. இந்த நேரம் பார்த்து மலைமேல் இருக்கும் ஊரில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஊசி ஏறிய உடம்புக்குக் குளிர் ஆகாது. ஹீட்டர் இல்லாமல் அந்த மலைப்பாதையில் கூட்டிப்போக முடியாது.

மெக்கானிக் வேலையை ஆரம்பித்தார். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருந்தது, ஊற்றினார். "சூடு வருதா?" "வருது." மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஹீட்டரின் குளிர்காற்றில் அவர் முழங்கால் விறைத்தது. குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று மூடியைத் திறந்து குமிழியெல்லாம் வெளியேற்றினார். "வருது." அதுவும் நிலைக்கவில்லை. இஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் புதிது போட்டார்.

"இப்போ?"

"வருது, வருது. நல்லாவே வருது."

இஞ்சினை அணைக்கக் கையை நீட்டியவருக்கு மணிக்கட்டில் காற்று பட்டது. ஐஸ்.

"என்னம்மா விளையாட்டு இது? இப்படிச் சில்லுனு அடிக்குது, வருதுங்கறே?"

அவள் சிரிக்கவில்லை. மடியில் கிடந்த அவள் ஆட்காட்டி விரலில் ஒரு கொப்புளம், பெரிதாக.

"இது எப்போ சுட்டுச்சு?"

"எது?" என்று விரலைத் திருப்பினாள். அவளே அப்போதுதான் பார்க்கிறாள். காலையில் பால் பாத்திரத்தை இறக்கியது அவள்தான்.

"கொஞ்ச நாளா விரல்ல ஒண்ணும் தெரியலைங்க. இவ்வளவு நேரம் இஞ்சின் ஓடுதே, வந்திருக்கும்னு ஒரு குத்துமதிப்பா சொன்னேன்."

"டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்டாரே, மரத்துப்போகுதான்னு?"

"இல்லைன்னேன். மரத்தா ஊசியை நிறுத்திடுவேன்னு சொன்னாரில்ல. நிறுத்திட்டு அப்புறம் எனக்கு எதை ஏத்துவாரு, உங்க இஞ்சின் ஆயிலையா?"

அதைப் பொய் என்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். உயிரை விட மனசில்லாதவள் வேறென்ன சொல்வாள்?

"நாளைக்கே சொல்லியாகணும்" என்றார் அவர்.

"பாப்பாவைப் பார்த்துட்டு வந்து நானே சொல்றேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும்தானே. என்னைப் பாருங்க. என்னங்க, இங்க பாருங்க."

அவர் பார்க்கவில்லை. திரும்பி பானட்டுக்குள் குனிந்துகொண்டார். கண்ணைத் துடைக்க அங்கே துணியும் இல்லை, எல்லாம் கிரீஸ். ஹீட்டருக்குப் போகிற ரப்பர் குழாயைத் தொட்டார்; கொதித்தது. திரும்பி வருகிற குழாயைத் தொட்டார். பச்சைத் தண்ணீராகச் சில்லென்று கிடந்தது. நடுவில் இருக்கிற சின்ன ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. முதல் நாளே தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவள் "வருது" என்றபிறகு அவர் எதைத் தொட்டார்?

இரண்டு குழாயையும் கழற்றி, தண்ணீரை எதிர்ப்பக்கமாகப் பாய்ச்சினார். துருவும் சேறுமாகக் கொட்டியது. தெளிந்த தண்ணீர் வரும்வரை விடவில்லை. மறுபடி மாட்டி ஓடவிட்டு, அவளுக்குப் பக்கத்து சீட்டில் தானே போய் உட்கார்ந்தார். காற்று மெல்ல மெல்லச் சுட ஆரம்பித்தது.

"வருதாங்க?" என்று அவள் கேட்டாள்.

"வருது" என்றார். "ஞாயித்துக்கிழமை போவோம்."

திங்கட்கிழமை அவளே டாக்டரிடம் சொன்னாள். ஊசி நின்றது. அவள் பயந்தபடியே, வேறு மருந்து என்று ஒன்று இருக்கவில்லை.

ஆனால் அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, சொன்னபடி போயிருந்தார்கள். மலை ஏறும்வரை காருக்குள் கதகதப்பு குறையவில்லை. மகள் குழந்தையைத் தூக்கிவந்து அம்மாவின் கையில் வைத்தாள். மெக்கானிக் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, மனைவியின் கைகளுக்குக் கீழே தன் கைகளைக் கொடுத்தார்.

"கையை எடுங்க, நான் ஒண்ணும் போட்டுட மாட்டேன்."

அவர் எடுக்கவில்லை.

"எடுங்கன்னா! இவர் பெத்த பிள்ளையைக்கூட இப்படித் தாங்கினதில்லைடி" என்று மகளிடம் சிரித்தாள். மகளும் சிரித்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவர் கை அங்கேயேதான் இருந்தது.