வலது கால் பரமபதம்

ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்கு ஆள் போகாத வீடு கம்மி. ஆனால் ஷூவுக்குள்ளே பேர் அச்சடிக்கிற வேலை என்று ஒன்று இருப்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. பாதம் படுகிற உள்தகட்டை இன்சோல் என்போம். அதில் குதிகால் பக்கம் கம்பெனிப் பேர் பொன்னாக மின்னும். புது ஷூவைக் கையில் எடுத்ததும் எல்லோரும் பார்ப்பது அதைத்தான். வாங்கிப் போட்டுக் கொஞ்ச நாள் நடந்தால் வியர்வையும் குதிகாலும் சேர்ந்து அந்தப் பேரை அழித்துவிடும். அப்படி அழியப் போகிற பேர்களை இருபது வருஷத்துக்கு மேல் அச்சடித்தவர் விஜயகுமாரி.

நான் பக்கத்து ஷெட்டில் தோல் வெட்டுகிறவன். யாரையும் புகழ்ந்து எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இந்த அம்மா செய்ததைச் சொல்லாமல் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

அவருக்குக் கோணல் ஆகாது. நிறத்தின் மேல் நிறம் நூல் பிசகாமல் உட்கார வேண்டும். ஒரு தடவை மளிகைக் கடையில் கொடுத்த காலண்டரில் அம்மனின் நெற்றிக் குங்குமம் நகர்ந்து புருவத்தில் விழுந்திருந்தது. அதை வீட்டில் மாட்டவே விடவில்லை. "சாமிக்குக்கூட சரியா அடிக்க மாட்டானா இவன்? காலுக்கு அடிக்கற நாங்களே பாத்து அடிக்கறோம்" என்று கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். கடைக்காரர் அதற்கப்புறம் அவருக்குக் காலண்டரே தருவதில்லை.

கம்பெனியில் ஒரு கட்டத்தில் அச்சு வேலையை நிறுத்திவிட்டு, பேரை ஸ்டிக்கராக வெளியே வாங்கி ஒட்ட ஆரம்பித்தார்கள். விஜயகுமாரியைப் பசை தடவுகிற லைனுக்குப் போகச் சொன்னார்கள். முடியாது என்று கணக்கை முடித்துக்கொண்டு வந்து, எங்கள் வரிசையில் ஒரு ஷெட்டைப் பிடித்தார். ஒரு நீள மேஜை, மை இறங்குகிற வலை கட்டின நாலைந்து ஸ்கிரீன் சட்டம், மை தள்ளுகிற ரப்பர் கட்டை. அவ்வளவுதான் முதல். துணிப்பைக்குப் பேர் போடுவது, அட்டைப் பெட்டிக்கு முத்திரை போடுவது என்று துண்டு துண்டாக வேலை வந்தது. அவர் வீட்டுக்காரர் அருணகிரி கம்பெனி பஸ் ஓட்டுகிறார். நல்ல மனுஷன். ஆனால் அவரும் கெடு வைத்துவிட்டார்.

"பொங்கல் வரைக்கும் பாரு. சொல்லிக்கற மாதிரி ஒரு வேலை நிக்கலன்னா பேசாம லைனுக்குப் போய்டு."

"போறேன்" என்று இவரும் ஒத்துக்கொண்டார். சொன்ன சொல் மாறுகிறவர் இல்லை. அதனால்தான் எனக்கே கொஞ்சம் கவலையாக இருந்தது.

வேலூரில் பெருமாள் கோயில் பக்கம் ஆதிகேசவன் என்று ஒருவர் பூஜை சாமான் கடை வைத்திருக்கிறார். துணிப்பையில் பேர் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்க என் லோடு ஆட்டோவில் நாங்கள் இருவரும் போயிருந்தோம். அங்கே பரமபதப் படம் கட்டுக்கட்டாக இருந்தது. வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழிக்கிற வீடுகளில் தாயக்கட்டை உருட்டி விளையாடுவார்களே, அது. நல்ல குணத்தின் கட்டத்தில் ஏணி, கெட்ட குணத்தின் கட்டத்தில் பாம்பு, உச்சியில் பெருமாள். விஜயகுமாரி ஒன்றை உருவிப் பார்த்தார். முகம் சுருங்கிப்போயிற்று.

"இன்னா சார் இது, பாம்புக்குக் கண்ணே இல்ல?"

"பழைய அச்சாபீஸ மூடிட்டாங்கம்மா. ஜெராக்ஸ ஜெராக்ஸ் போட்டு விக்கறேன். ஏகாதசிக்குக் கேட்டு வர்றாங்க, இல்லன்னு எப்படிச் சொல்றது?"

"ஏணி எது, பாம்பு எதுன்னே தெரியல. இதுல ஏறினா மோட்சத்துக்கா போவாங்க? மோரிக்குத்தான் போவாங்க, சாக்கடைக்கு."

ஆதிகேசவனுக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். சிரித்துவிட்டார். "அப்ப நீயே நல்லா அடிச்சிக் குடும்மா. மார்கழி பொறந்ததும் சரக்கு கடையில இருக்கணும். நல்லா இருந்தா வருஷா வருஷம் உனக்குத்தான். சரியில்லன்னா ஒண்ணும் எடுத்துக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

மடித்த இடத்தில் கிழியாத புதுப் பரமபதம். விஜயகுமாரி முதலில் சொன்னது ஷூவுக்கு உள்பக்கம் வைக்கிற மெல்லிய லைனிங் தோல். சுருட்டி வைக்கலாம், பேரன் காலம் வரை வரும். ஆதிகேசவன் பதறிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தோல் வாணாம்மா. தோல்னா பூஜை ரூமுக்கு ஒருத்தரும் எடுத்துனு போக மாட்டாங்க."

"கோயில்ல அடிக்கற மத்தளம் இன்னா, தக்காளித் தோல்லயா கட்டி இருக்குது?"

"அது வேறம்மா. நான் சொன்னா ஜனம் கேக்குமா?"

தோலில் சோறு தின்கிற எங்களுக்கு இந்தப் பேச்சு புதுசு இல்லை. நானாக இருந்தால் ஆட்டோவை அப்போதே திருப்பியிருப்பேன். விஜயகுமாரி அதை அங்கேயே விட்டுவிட்டு, ஷூவுக்கு உள்ளே கொடுக்கிற கேன்வாஸ் துணியில் போடுவதாகச் சொன்னார். ராணிப்பேட்டையில் ஏற்றுமதி போக மிஞ்சின ரோல் ஒன்று கிடைத்தது. கெட்டித் துணி, சந்தன நிறம்.

ஆதிகேசவன் வீட்டில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த பழைய படத்தை இரவல் வாங்கி வந்தார். அதைப் பார்த்து ஒவ்வொரு பாம்புக்கும் கண், நாக்கு, செதில் என்று தன் கையாலேயே வரைந்தார். கட்டத்துப் பேர்களையும் எண்களையும் மகள் ஷர்மிளா கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தாள். எல்லாம் முடிந்ததும் கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: 'புதிய பதிப்பு. அச்சு: விஜயகுமாரி, ஆம்பூர்.'

படத்தை ஸ்கிரீன் சட்டத்தில் ஏற்றித் தருகிற வாஹித் பாஷா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு கேட்டார். "கம்பெனி பேரு போடலியாமா?"

"இதான் பாய் கம்பெனி."

"அரே வாஹ்" என்று அவர் சிரித்தார். விஜயகுமாரி சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் அச்சடித்ததில் அவர் பேர் ஒரு தடவைகூட வந்ததில்லை. அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

தப்பு எங்கே நடந்தது என்று இப்போது சொல்கிறேன். எங்கள் தொழிலில் ஒற்றை என்று எதுவும் கிடையாது. எதைச் செய்தாலும் ஜோடி. ஒரு படம் கொடுத்தால் அதை அப்படியே எடுப்பது இடது காலுக்கு, புரட்டிப் போட்டு எடுப்பது வலது காலுக்கு. இரண்டையும் ஒரே சட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். எழுத்தை மட்டும் புரட்ட மாட்டார்கள், புரட்டினால் பேரைப் படிக்க முடியாதே. வாஹித் பாஷாவின் கை காலமெல்லாம் இதைத்தான் செய்திருக்கிறது. பரமபதத்துக்கும் அதையே செய்துவிட்டது. பாம்பும் ஏணியும் ஒரு சட்டத்தில், ஒன்று நேர், ஒன்று புரட்டல். பேரும் எண்ணும் இன்னொரு சட்டத்தில், இரண்டும் நேர்.

விஜயகுமாரியின் கையும் அதே தொழில் கைதான். நிறத்தின் மேல் நிறம் சரியாக விழுகிறதா என்று பார்த்தார். விழுந்தது. அடித்ததை இடது அடுக்கு, வலது அடுக்கு என்று பிரித்து வைத்தார். நான் ஓரம் வெட்டிக் கொடுத்தேன். ஒரு படத்தில் பெரிய பாம்பு இந்தப் பக்கம் பார்க்கிறது, அடுத்ததில் அந்தப் பக்கம் பார்க்கிறது. ஜோடி சரியாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். எங்கள் ஊரில் வேறு எப்படி நினைக்கத் தோன்றும்?

ரோல் தீர்ந்தது. கடைசிப் படம் காய்ந்த மத்தியானம் டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு, ஒரு ஆட்டம் போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். வாஹித் பாஷா, ஷர்மிளா, நான். வலது அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து விரித்தோம். நான் உருட்டினேன். என் காய் போய் நின்ற கட்டத்தில் 'பொறுமை' என்று எழுதியிருந்தது. நல்லது என்று பார்த்தால் பாம்பு வாயைத் திறந்துகொண்டிருந்தது. சரசரவென்று கீழே வந்தேன்.

"மாமா, உங்களுக்குப் பொறுமை ஒத்துக்கலியே" என்றாள் ஷர்மிளா.

அடுத்து வாஹித் பாஷா உருட்டினார். அவர் காய் 'பொய்' கட்டத்தில் நின்றது. அங்கே ஏணி. நாலு வரிசை தாண்டி மேலே போய்விட்டார்.

"பொய்க்கு ஏணியா? படம் கரெக்டாதான் போட்டிருக்குது. ஊரு அப்படித்தானே இருக்குது!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. படத்தை ஒரு தடவை பார்த்தார், இடது அடுக்கைப் பார்த்தார், கையைத் தலையில் வைத்துக்கொண்டார். "யா அல்லா. ஷூ மாதிரி புரட்டிட்டேன்மா."

விஜயகுமாரி வந்து நின்று பார்த்தார். அடுக்கிலிருந்து இன்னும் நாலைந்தை உருவி விரித்தார். வலது அடுக்கு முழுக்க அப்படித்தான். சரக்கில் பாதி.

மார்கழி பிறக்கப் போகிறது. அந்தத் துணி இனிமேல் கிடைக்காது. பாதிச் சரக்கோடு போனால் ஆதிகேசவன் எடுத்துக்கொள்வாரா என்பது சந்தேகம். எடுக்காவிட்டால் பொங்கல் முடிந்து பசை தடவுகிற லைன்தான். வாஹித் பாஷா மெதுவாகச் சொன்னார்.

"மா, தப்பு என்னுதுதான். ஆனா ஒண்ணு சொல்றேன். ஆட்டம் ஆடத்தானே செய்யுது? ஏணி ஏறுது, பாம்பு இறங்குது. எழுத்த யாரு படிக்கறா? கலந்து குடுத்துடலாம்."

"பொய் சொன்னா மேல போலாம்னு பெருமாள் படத்துல நான் அடிச்சிக் குடுக்கணுமா? அதுவும் கீழ என் பேரப் போட்டு?"

"அப்ப இன்னா பண்ணப் போறே?" என்றேன் நான்.

அவர் ஒரு வலது படத்தையும் ஒரு இடது படத்தையும் மேஜையில் சேர்த்து வைத்தார். ஜோடி ஷூவைப் பார்க்கிற மாதிரியே தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"பாம்பு மேல தப்பு இல்லண்ணே. அது நல்லாதான் நிக்குது. பேருங்கதான் எடம் மாறிப் போச்சி. பாம்பு எங்க போச்சோ அங்க பேர அனுப்பிடலாம்."

கம்பெனியில் இன்சோலில் தப்பான பேர் விழுந்துவிட்டால் தூக்கிப் போட மாட்டார்கள். தோல் நிறத்திலேயே கெட்டி மையைப் பேர்மேல் போட்டு மூடிவிட்டு, சரியான பேரை அடிப்பார்கள். அதையே இங்கே செய்தார். எழுத்து இருந்த இடத்தையெல்லாம் சந்தன நிற மையால் மூடினார். அது காய்ந்ததும் பேரும் எண்ணும் பாம்புக்கும் ஏணிக்கும் சரியாக வருகிற மாதிரி வாஹித் பாஷா புதுச் சட்டம் போட்டுக் கொடுத்தார். இப்போது அந்தப் படத்தில் வலது கீழ்மூலையில் ஆட்டம் தொடங்கும். மற்றபடி பொறுமைக்கு ஏணி, பொய்க்குப் பாம்பு.

சொல்வது சுலபம். பனியில் மை காய மாட்டேன் என்றது. எனக்குத் தெரிந்த, தோல் பதனிடுகிற ஷாப்பில் ஈரத் தோலைக் காற்றுக்குத் தொங்கவிடுகிற மாடி ஒன்று காலியாக இருந்தது. கேட்டு வாங்கி, கொடி கட்டிப் பரமபதத்தைத் தொங்கவிட்டோம். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, மூடின இடத்தில் பழைய எழுத்து நிழலாகத் தெரிந்தாலும் மறுபடி மூடினார். "போதும்மா, யாரு பூதக்கண்ணாடி வெச்சிப் பாக்கப் போறாங்க?" என்று கத்தினேன். "நான் பாக்கறனே" என்றார்.

மார்கழிக்கு முன்னால் வேலூருக்குக் கொண்டுபோனோம். ஆதிகேசவன் இடதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். பாம்பின் கண்ணைப் பார்த்து, "முறைக்குதும்மா!" என்றார். பிறகு வலதை எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"தோல் வாணாம்னு சொன்னனே?"

"துணிதான் சார். எங்க ஊர் காத்துல காஞ்சுது, அதான் அந்த வாசனை. கற்பூரத்தோட வெச்சா போய்டும்."

கட்டைவிரலால் தடவினார். "எழுத்து இருக்கற எடம் தடிப்பா இருக்குது?"

விஜயகுமாரி எதையும் மறைக்கவில்லை. புரட்டினது, பொய்க்கு ஏணி வந்தது, மூடி அடித்தது எல்லாவற்றையும் சொன்னார். "இது இடது. இது வலது. ரெண்டும் சரி. வாணாம்னா சொல்லிடுங்க, எடுத்துனு போறேன்."

ஆதிகேசவன் தாடையைச் சொறிந்தார். ஆட்டம் வலது மூலையில் தொடங்கும் பரமபதத்தை அவர் பார்த்ததே இல்லை. அந்த நேரம் கற்பூரம் வாங்க வந்து நின்ற சம்பூர்ணம் என்கிற அம்மா, கேட்டுக்கொண்டே இருந்தவர், சட்டென்று கையை நீட்டினார்.

"எனக்கு அந்த வலத குடு."

"ஏம்மா, பழைய மாதிரி இது இருக்குதே?"

"கல்யாணம் ஆகி வர்ற பொண்ணு எந்தக் கால வெச்சி உள்ள வர்றா? புது வீட்டுக்கு எந்தக் கால வெச்சிப் போறே? வைகுண்டத்துக்கு மட்டும் இடது கால வெச்சாய்யா போவ?"

ஆதிகேசவன் விஜயகுமாரியைப் பார்த்தார். விஜயகுமாரி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சரக்கு முழுவதும் கடைக்குள் போயிற்று.

ஏகாதசி முடிந்த கையோடு ஆதிகேசவன் ஷெட்டுக்கே வந்துவிட்டார். அருணகிரியும் அன்றைக்கு அங்கே இருந்தார்.

"வலது ஒண்ணுகூட மிச்சம் இல்லம்மா! காட்பாடியில இருந்தெல்லாம் கேட்டு வந்தாங்க. இடதுதான் பாதி தங்கிப் போச்சி. அடுத்த வருஷத்துக்கு வலது மட்டும் போட்டுக் குடு."

விஜயகுமாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "இடது இன்னா சார் பாவம் பண்ணுச்சி? அதுதான் நான் தப்பே இல்லாம அடிச்சது!"

"விக்கலியேம்மா."

"ஒத்த ஷூ எங்க ஊர்ல இருந்து போனதில்ல. வலது வேணும்னா இடதும் சேர்ந்துதான் வரும். ஒரே உறையில, ஜோடியா. ரெண்டு பேர் எதிரெதிரா உக்காந்து ஆளுக்கு ஒண்ணுல ஆடட்டும். யாரு முதல்ல மேல போறாங்கன்னு பாக்கட்டும்."

ஆதிகேசவன் யோசித்தார். அருணகிரி பீடியை அணைத்துவிட்டு நடுவில் வந்தார். "ஒத்துக்கோங்க சார். இவகிட்ட பேசி நான் ஜெயிச்சதே இல்ல."

"சரிம்மா, ஜோடியாவே குடு."

பொங்கல் வந்தது, போனது. லைனைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேச்சே எடுக்கவில்லை. இப்போது புது ரோல் வந்திருக்கிறது, நான்தான் வெட்டுகிறேன். வலது மட்டும் கொடுங்கள் என்று இன்னமும் சிலர் தேடிக்கொண்டு வருகிறார்கள். விஜயகுமாரி மேஜையை விட்டு நிமிராமலே கேட்பார்:

"வலது கால வெச்சி உள்ள போய்ட்டீங்க. இன்னொரு கால வெளியவே விட்டுடுவீங்களா?"