கறுப்பு மையில் என் முகம்

கறுப்பு மையை மட்டும் வைத்துக்கொண்டு சாம்பல் நிறத்தை அச்சடிக்க முடியாது என்பவர்கள் என் அண்ணனைப் பார்த்ததில்லை. தீவில், லம்பா லைன் என்ற இடத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையில் பழைய சைக்ளோஸ்டைல் பெட்டி ஒன்று வைத்திருந்தான். ஏதோ ஓர் ஆபீசில் கழித்துக் கட்டியதை ஏலத்தில் எடுத்தது. மெழுகுத் தாளில் எழுதி, மேலே மை ரோலரை உருட்டினால் எழுத்து அடியிலிருக்கும் காகிதத்தில் இறங்கும். நோட்டீஸ், கல்யாணக் கார்டு எல்லாம் அடிப்பான். படம் மட்டும் வராது என்றார்கள். அவனா விடுவான்? விளக்கு வைத்த கண்ணாடிமேல் போட்டோவைப் போட்டு, அதன்மேல் மெழுகுத் தாளை விரித்து ஊசியால் குத்தினான். நெருக்கிக் குத்தினால் கறுப்பு, தள்ளிக் குத்தினால் சாம்பல், குத்தாமல் விட்டால் வெள்ளை.

எனக்கு வரன் தேடியபோது அந்த வித்தை கைகொடுத்தது. எங்கள் தீவுத் தமிழர்களின் கூத்து இது: மாப்பிள்ளை அடுத்த தெருவிலேயே இருந்தாலும் பேச்சு கப்பலேறி மெயின்லேண்டுக்குப் போய்த்தான் திரும்பும். என்னிடம் இருந்ததோ ஒரே போட்டோ. அதனால் ஜாதகத்தையும் படத்தையும் ஒரே தாளில் அடித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்புவதென்று முடிவாயிற்று. பதில் எழுத அதில் போட்ட விலாசம் திருநெல்வேலிப் பெரியப்பாவுடையது.

முதல் பிரதியை அண்ணன் என்னிடம்தான் காட்டினான். நான் கறுப்பு. படத்திலும் கறுப்பாக, மூக்குத்தியோடு, அப்படியே இருந்தேன். சந்தோஷமாக இருந்தது. அனுப்பிவிடு என்றேன்.

அந்த நாட்களில் எனக்கு ஒருவரைப் பிடித்திருந்தது. பத்துபஸ்தியிலிருந்து வரும் பஸ்ஸில் தினமும் பார்ப்பேன். தமிழ்க்காரர், அரசாங்க வேலை. "ஆஜ் பீ லேட்" என்று, இன்றைக்கும் லேட்டா என இந்தியில் கண்டக்டரைச் சீண்டிவிட்டு என் பக்கம் பார்த்துச் சிரிப்பார். ஒரு வார்த்தை பேசியதில்லை. மெயின்லேண்டைச் சுற்றி அந்தத் தாள் இவர் வீட்டுக்கும் போகாதா என்று வேண்டிக்கொண்டேன்.

போயிருக்கிறது.

மழைக்காலம் முடிந்தபோது அவரே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "பாய்சாப், என் கல்யாணக் கார்டு அடிக்கணும். ஜல்தி வேணும்" என்றார் அண்ணனிடம். டீ போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

நான் டீயோடு வந்தபோது அண்ணன் தன் பெருமையை அளந்துகொண்டிருந்தான். "போட்டோகூட அடிப்பேன், பாருங்க" என்று ஒரு தாளை எடுத்து நீட்டினான்.

அவர் அதை உற்றுப் பார்த்தார். "இந்தப் படத்தை எங்கம்மா ஊர்லேருந்து அனுப்பிச்சாங்க. வேண்டாம்னு எழுதிட்டேன். யாரு இது?"

"என் தங்கச்சிதான்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். "இவங்களா? இவங்கன்னு தெரிஞ்சிருந்தா வேண்டாம்னு எழுதியிருக்க மாட்டேனே" என்றார். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியிருக்க வேண்டும். டீயைத் தொடாமல் எழுந்து போனார். கார்டை வேறு எங்கோ அடித்துக்கொண்டார்.

அவர் வைத்துவிட்டுப் போன தாளை எடுத்துப் பார்த்தேன். கண், புருவம், மூக்குத்தி, கூந்தல் எல்லாம் என்னுடையவை. கன்னத்திலும் நெற்றியிலும் ஒரு புள்ளி இல்லை. வெறும் காகிதம். எனக்குக் காட்டிய பிரதியின் மெழுகுத் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, இன்னொன்று குத்தி இதைத்தான் ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறான். பஸ்ஸில் என்னைப் பார்த்துச் சிரித்தவருக்கே அடையாளம் தெரியாத ஒரு சிவப்பழகி.

"உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்றான் அண்ணன்.

என் நிறத்தைப் பற்றி ஊர் பேசியதுண்டு. வீட்டுக்கு வந்த மாமிகள் பேசியதுண்டு. அவர்களிடமெல்லாம் எனக்காகச் சண்டைக்குப் போனவன் இவன்.

"உனக்குமா என் முகம் பிடிக்கல?" என்று கேட்டேன்.

அவன் துணியை எடுத்து ரோலரைத் துடைக்க ஆரம்பித்தான். மை போன பிறகும், என் முகத்தைப் பார்க்காமல் துடைத்துக்கொண்டே இருந்தான்.