ஐந்தருவியில் நனைந்த ரிமோட்

அத்தான், அந்த ரிமோட்டைக் கெடுத்தது நீங்கள். நான் இல்லை. இதை எழுத எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் பந்தியில் உட்கார்ந்து நீங்கள் சொல்லும் அதே கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் துபாயிலிருந்து டிவியும் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கரும் கொண்டுவந்து எங்கள் மேலகரம் வீட்டில் இறக்கினீர்கள். அப்பா அப்போது ஒரு பக்கம் கை கால் விழுந்து கட்டிலோடு கிடந்தார். காதும் மந்தம். டிவியின் சத்தம் அவருக்குக் காணாது, ஆம்ப்ளிஃபயர் வேண்டும். டிவிக்கு ரிமோட் உண்டு, ஆம்ப்ளிஃபயருக்குக் கிடையாது. அதைப் போட ஒவ்வொரு தடவையும் யாராவது வரவேண்டும். தண்ணீருக்கு, திரும்பிப் படுக்க, எல்லாவற்றுக்கும் ஆளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர் குறுகிப்போயிருந்தார். இதற்கு யாரையும் கூப்பிடவில்லை. டிவி பார்க்காமலே கிடந்தார்.

நான் தென்காசியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். டிவியின் முதுகைக் கழற்றினேன். டிவி ஓடும்போது மட்டும் பன்னிரண்டு வோல்ட் வருகிற இடம் ஒன்று உள்ளே இருந்தது. அதிலிருந்து ஒயர் இழுத்து ஒரு ரிலேக்குக் கொடுத்தேன். டிவி வந்தால் ரிலே ‘டிக்’ என்று ஒட்டும், ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் போகும். டிவியை அணைத்தால் அதுவும் அணையும்.

“ஏலே, புது டிவியைக் குடலை உருவிப் போட்டிருக்க. புகை வந்துச்சுன்னா உன் கடையை வித்தாலும் காணாது” என்று பின்னால் வந்து நின்றீர்கள்.

“வராது அத்தான். வெளிச்சத்தை மறைக்காம நில்லுங்க.”

அப்பா இடது கையால் ரிமோட்டை அமுக்கினார். டிக். படம் புள்ளி புள்ளியாகத்தான் வந்தது, எங்கள் ஆன்டெனாவுக்கு அவ்வளவுதான். சத்தம் கணீரென்று வந்தது. அணைத்தார். திரும்பப் போட்டார். “ஏட்டி, இங்கன வா. நானே போடுதேன் பாரு” என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். படுத்த பிறகு அவராகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

சீசன் வந்தது. குற்றாலத்தில் குளிக்கச் சொந்தபந்தமெல்லாம் எங்கள் வீட்டில். எண்ணெய் தேய்த்த கையோடு ஆளாளுக்கு ரிமோட்டை அமுக்கினார்கள். உங்களுக்குப் பொறுக்கவில்லை. அப்பாவின் தலைமாட்டிலிருந்து அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஐந்தருவிக்குக் கிளம்பினீர்கள்.

“அதை வச்சிட்டு வாங்க அத்தான்.”

“எங்கிட்ட இருந்தாத்தாம்லே பத்திரம்.”

சட்டையைக் கம்பியில் தொங்கவிட்டுக் குளிக்கப் போனீர்கள். அன்று தண்ணீர் அதிகம், கம்பி வரைக்கும் சாரல் அடித்தது. திரும்பி வந்து ரிமோட்டை எடுத்துக் கவிழ்த்தீர்கள். தண்ணீர் சொட்டியது. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

வீட்டில் அப்பா அமுக்கினார். டிக் கேட்கவில்லை. இன்னும் அழுத்தி அமுக்கினார்.

“இவன் ஒயரை மாத்திக் குடுத்துட்டான் மாமா, அதுல ரிமோட்டே எரிஞ்சுபோச்சு” என்றீர்கள், வீடு முழுக்கக் கேட்க.

நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். “நாளைக்கும் இவர்கூட வாழப்போறது நான்தாம்லே. விட்டுரு.” விட்டேன்.

ரிமோட்டைக் கழற்றிக் காயவைத்துப் பார்த்தேன், உயிர் வரவில்லை. அதுபோல் வேறொன்று இங்கே கிடைக்கவில்லை. டிவியில் இருக்கும் பட்டனை யாராவது போய் அமுக்கினால்தான் இனிப் படமும் சத்தமும். கட்டில் பக்கத்தில் ஒரு சுவிட்சாவது வைக்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். “நீ ஒண்ணுத்தையும் கழட்ட வேண்டாம்” என்று சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்படியே போய்ச்சேர்ந்தார். டிவியைப் போடச் சொல்லி யாரையும் அவர் கேட்கவே இல்லை.

இப்போது அக்காவும் இல்லை. அவளுக்காக மூடிய வாய் இது.

வருகிற தை மாதம் உங்கள் பேத்தி கல்யாணம். அன்றைக்கு வீட்டில் இருந்தவர்களில் மிச்சமிருப்பவர்கள் எல்லோரும் வருவார்கள். பந்தியில் அந்தக் கதையை எடுப்பீர்கள். எடுங்கள். அதற்கு முன்னால் இலை போட்டு உட்கார்ந்திருக்கும் அத்தனை பேர் முன்னிலையிலும் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள்: அந்த ரிமோட் யார் சட்டைப்பையில் கிடந்து, எங்கே நனைந்தது?