வாரியல் என்று சொன்ன குழந்தை

ஒரு தாயைத் தன் குழந்தையிடம் பேசவிடாமல் செய்தவள் நான். தெரியாமல் செய்யவில்லை. தெரிந்தே செய்தேன்!

இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். ஆறுதல் சொல்லத் தோன்றினால் தயவுசெய்து அடக்கிக்கொள்ளுங்கள். கேட்டால் போதும்.

நான் பேச்சுப் பயிற்சியாளர். கேரளத்தில், நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் கிளினிக்கில் வேலை. பேசத் தாமதிக்கும் குழந்தைகள், திக்குகிறவர்கள், பக்கவாதத்தில் சொல் இழந்தவர்கள்... இவர்களோடுதான் என் பகல்கள் கழிகின்றன. வீடு தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, பாறசாலைப் பக்கம். வீட்டில் தமிழ்தான் பேசுவோம். கல்லூரியில் படிக்கும்போது என் மலையாளத்தில் தமிழ் வாடை வீசுகிறது என்று கூட்டமாகச் சிரித்தார்கள். அன்றிலிருந்து வாசலைத் தாண்டினால் தமிழை வாயில் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். வீம்பு என்று அப்போது நினைத்தேன். வெறும் வெட்கம்தான் அது.

ரோஸ்லின் அம்பூரியிலிருந்து வந்தாள். புருஷன் அங்கே ரப்பர் வெட்டுகிறவர். அவள் எல்லைக்கு அந்தப்புறம், விளவங்கோடு பக்கத்துப் பெண். மலையாளம் கேட்டால் அவளுக்கு விளங்கும், பேச வராது. இடுப்பில் மூன்று வயது அபிஷா.

"டீச்சரே, எங்கிட்ட ரெண்டு வார்த்த, மூணு வார்த்த சேத்துச் சொல்லுவாளாக்கும். வெளிய எறங்குனா வாய் தொறக்க மாட்டா," என்றாள்.

நான் மலையாளத்தில் பதில் சொன்னேன்.

எங்களிடம் இருந்த படச்சோதனை மலையாளக் குழந்தைகளுக்கானது. படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, இது என்ன, இது என்ன என்று கேட்டேன். குழந்தை தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. துடைப்பம் படம் வந்தபோது மட்டும் மெல்லத் திரும்பி, "வாரியல்" என்றது. ரோஸ்லினின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் அது வாரியல்தான். எனக்குத் தெரியாதா? நான் தவறு என்று குறித்தேன்.

பிறகு சொன்னேன்... வீட்டில் இரண்டு பாஷை இருப்பதால்தான் குழந்தை குழம்புகிறது. இனி மலையாளம் மட்டும் போதும். தமிழை விட்டுவிடுங்கள்.

அவள் கேட்டாள்: "அப்பம் ராத்திரி ஜெபம் பண்ணுகதும் மலையாளத்துலயா டீச்சரே? அவ எங்கூடச் சேந்து சொல்லுவா..."

"எல்லாமே," என்றேன்.

இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு வராது. தாய்க்கு எது தானாக வாயில் வருமோ, அதிலேயே அவள் பிள்ளையிடம் பேச வேண்டும். ஆய்வுகள் இதைத்தான் சொல்கின்றன என்று வகுப்பில் படித்தவள் நான். பரீட்சையில் இதை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன்! பிறகு ஏன் அப்படிச் சொன்னேன்?

என் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அடுத்த அறையில் சக பயிற்சியாளர்கள். அந்தக் குழந்தைக்குத் தமிழில் பயிற்சி கொடுப்பதென்றால் நான் தமிழில் விளையாட வேண்டும், பாட வேண்டும், எங்கள் ஊர் இழுப்போடு பேச வேண்டும். அவர்கள் காதில் விழும். அவ்வளவுதான் காரணம். நான் அந்தக் கதவைப் பார்த்தேன். பிறகு அவளைப் பார்த்து அந்தப் பொய்யைச் சொன்னேன்.

சில மாதங்கள் கழித்து ரோஸ்லினின் கணவர் குழந்தையை அழைத்து வந்தார். அபிஷா மலையாளத்தில் சின்னச் சின்ன வாக்கியம் பேசத் தொடங்கியிருந்தாள். அங்கன்வாடிக்குப் போகிறாள், மற்ற பிள்ளைகளோடு விளையாடுகிறாள்; பேச்சு அங்கிருந்தே வந்துவிட்டது. கிளினிக்கில் எனக்குப் பாராட்டு. கிளம்பும்போது அவர் தயங்கி நின்றார்.

"வீட்டுல ரோஸ்லின் இப்பம் வாய் தொறந்து மிண்டுகதே இல்ல டீச்சரே. தப்பாப் பேசிருவேனோன்னு அவளுக்குப் பயம். பிள்ளகிட்ட கையக் காட்டுவா, அம்புட்டுதான்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? நான் சொன்னது தவறு, அவளைப் பேசச் சொல்லுங்கள் என்று ஒரு வரி... சொன்னால் பாராட்டு என்னாகும்? "போகப் போகச் சரியாகும்," என்று மலையாளத்தில் சொல்லி அனுப்பினேன். அன்று முதல் அந்தக் கை என் கண்முன் நிற்கிறது. பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும் கை. தூங்கக் கூப்பிடும் கை. வாய் இருந்தும் பேசாத ஒருத்தியின் கை.

போன மழைக்காலத்தில் பனச்சமூடு பேருந்து நிறுத்தத்தில் ரோஸ்லினைப் பார்த்தேன். ஒதுங்கிப் போக நினைத்தேன். அதற்குள் ஓடி வந்துவிட்டாள். சற்றுத் தள்ளி, பள்ளிச் சீருடையில் அபிஷா. தோழிகளோடு மலையாளத்தில் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

"டீச்சராலதான் எம்பிள்ள பேசுகா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள் ரோஸ்லின். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "இனி நான் அவகிட்ட நம்ம பேச்சு பேசலாமா டீச்சரே?"

இத்தனை வருடம் அவள் என் அனுமதிக்காகக் காத்திருந்திருக்கிறாள்!

"பேசலாம் மக்கா... நல்லாப் பேசலாம்," என்றேன். என்னை அறியாமல் தமிழ் வந்துவிட்டது.

அவள் கண் விரிந்தது. "டீச்சருக்கு நம்ம பேச்சு தெரியுமா?"

கோபப்பட்டிருந்தால் பிழைத்திருப்பேன். அவளோ சந்தோஷப்பட்டாள். அன்றைக்கே பேசியிருக்கலாம், நான்தான் பொய் சொன்னேன் என்று அப்போதும் என் நாக்கு சொல்லவில்லை. வெறுமனே தலையாட்டினேன்.

பேருந்து வந்தது. ரோஸ்லின் திரும்பி, உரக்க, ஆசையோடு கூப்பிட்டாள்: "மக்கா, வா... பஸ்சு வந்தாச்சு."

அபிஷா சட்டென்று தோழிகளின் முகத்தைப் பார்த்தாள். அன்று நான் கதவைப் பார்த்த அதே பார்வை. பிறகு தாயின் அருகில் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"அம்மே, தமிழ் வேண்டா."

ரோஸ்லின் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். பிறகு வாயை மூடிக்கொண்டு, பேருந்துப் படியை மகளுக்குக் கையால் காட்டினாள்.