நாற்றுக்கு ஒரு மணி நேரம்

எதிர்வீட்டு லோர்னா மே மாதம் பிறந்ததும் தக்காளி நாற்றுகளை வெளிக்காற்றுக்குப் பழக்குவாள். முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு. நாற்பது தொட்டிகளையும் வாசலில் வைப்பாள். கொஞ்சம் காற்றடித்தாலும், "காத்து ஜாஸ்தி, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று உள்ளே தூக்கிவிடுவாள்.

அவள் கணவர் வால்ட்டர் பக்கவாதத்தில் படுத்து ஆறு வருடமாகிறது. அன்றிலிருந்து அவள் கடைக்குக்கூடப் போனதில்லை. கனடாவில் எங்கள் மனிடோபா மாகாணத்துக் குளிர் ஆறு மாதம் எல்லோரையும் அடைத்துப்போடும்; இவளுக்குப் பன்னிரண்டு மாதமும் அதுதான். பார்த்துப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செடியைப் பழக்குற மாதிரி உன்னையும் கொஞ்சம் பழக்கேன்டி. ஒரு மணி நேரம் நான் இருக்கேன், ஆத்தங்கரை வரைக்கும் போயிட்டு வா."

"நீ குடுத்தா அவர் சூப் குடிக்க மாட்டாரே."

"குடிக்காம என்னைக் கடிச்சிடுவாரா? கிளம்பு!"

வால்ட்டரே சிரித்துவிட்டார். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு போனாள்.

பீட்ரூட் சூப்பைச் சூடாக்கியபடி ஜன்னல் வழியே பார்த்தேன். வேலிக் கதவின் மேல் கைவைத்து அப்படியே நின்றிருந்தாள். சூப் கொதிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டாள்.

"காத்து ஜாஸ்தி," என்றாள், கோட்டைக் கழற்றிக்கொண்டே. "நாளைக்குப் பாத்துக்கலாம்."

வாசலில் நாற்பது தொட்டிகளிலும் ஓர் இலைகூட அசையவில்லை.